கை வேலையில், காது கதையில்

பினார் தெல் ரியோ என்ற ஊரில் சுருட்டுச் செய்யும் கூடத்துக்கு வேலைக்குப் போகும் எனெய்தாவுக்கு, வீட்டில் எதற்கும் ஓட்டெடுப்பு வைக்காவிட்டால் பொழுது போகாது. அவள்மேல் தப்பில்லை, எல்லாம் வேலை பார்க்கிற இடத்துப் பழக்கம். அங்கே மேடைமேல் ஒருவர் உட்கார்ந்து காலையில் பேப்பரும் மத்தியானம் நாவலும் வாசிப்பார். அடுத்து எந்தப் புத்தகம் என்பதைச் சுருட்டுகிறவர்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். வாசிப்பு பிடித்துப்போனால் கைதட்ட மாட்டார்கள். கை எங்கே காலியாக இருக்கிறது? இலை நறுக்குகிற பிறைக் கத்தியால் பலகையில் தட்டுவார்கள்.

அதை அப்படியே அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சனிக்கிழமையானால் குடும்பத்தோடு நூலகம். ஆளுக்கொரு சிறுவர் புத்தகம் எடுக்க வேண்டும். சாயங்காலம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள், பிடித்தவர்கள் கரண்டியால் மேசையைத் தட்டுவார்கள். லாரி ஓட்டும் புருஷன் ஓஸ்மெல் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தைத் தேடிப் பிடித்து வருவான். ஐந்து வயது மகள் தாய்மிக்கு அட்டையில் ஏதாவது ஒரு மிருகம் இருந்தாக வேண்டும்.

அந்த விடுமுறையில் இவர்களோடு சேர்ந்துகொண்டவள் லிஸ்பெத், ஓஸ்மெலின் மூத்த தாரத்துப் பெண். தாய் இறந்ததிலிருந்து சியென்ஃபுவேகோஸ் ஊரில் பெரியம்மா ரெய்னாவிடம் வளர்ந்தவள். லீவு முடிகிறபோது இங்கேயே தங்குவதா, பெரியம்மாவிடம் திரும்புவதா என்று அவளே சொல்லட்டும் என்று ஓஸ்மெல் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் தங்க வேண்டும் என்று எனெய்தா உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் பிள்ளையை நெருக்குவதாகிவிடுமே என்று பயம்.

முதல் சனிக்கிழமை லிஸ்பெத் எடுத்தது தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். காணாமல்போன கோயில் மணியைத் தேடி ஒரு பையன் கழுதையோடு ஊர் ஊராகப் போகிற கதை. எனெய்தா தட்டினாள். அட்டையில் கழுதை இருந்ததால் தாய்மியும் தட்டினாள். ஓஸ்மெல் முனக வாயெடுத்தான், மனைவி பார்த்த பார்வையில் அவன் கரண்டியும் தானாகத் தட்டியது.

சாயங்காலந்தோறும் லிஸ்பெத் வாசித்தாள். எனெய்தா எதிரே உட்கார்ந்து தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினாள். தலையை நிமிர்த்தவே இல்லை. கூடத்திலும் அப்படித்தான், பராக்குப் பார்த்தால் இலை கிழிந்துவிடும். லிஸ்பெத் ஓரக்கண்ணால் இதைக் கவனித்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"நீங்க கேக்கவே இல்ல."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன் கண்ணு. நீ படி."

"பொய் சொல்லாதீங்க. அரிசியத்தான் பாத்துட்டிருக்கீங்க. நான் நடுவுல பக்கம் பக்கமா விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியவே இல்ல."

"ஏய், என்ன பேச்சு இது," என்று ஓஸ்மெல் எழுந்தான். எனெய்தா கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள்.

"தெரியும்," என்றாள், அரிசியைப் பார்த்தபடியே. "ஆத்தக் கடக்கையில பையனோட சட்ட முள்ளுல மாட்டிக் கிழிஞ்சுது. சந்தைக்குப் போறப்ப தச்ச சட்ட போட்டிருந்தான். யாரு தச்சான்னு நீ படிக்கல. அப்புறம் கழுத மேல ரொட்டி மூட்ட ஒண்ணு வந்துச்சு. யாரு கட்டிக் குடுத்தான்னும் படிக்கல. நேத்து பாலத்துகிட்ட திரும்பித் திரும்பிக் கையாட்டிட்டுப் போனான், யாருக்குன்னு இல்ல. அவங்க அம்மாதானே?"

அப்போதுதான் எனெய்தா தலையை நிமிர்த்தினாள். லிஸ்பெத் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அம்மா வர்ற பக்கத்தையெல்லாம் என்னால சத்தமாப் படிக்க முடியல," என்றாள். பிறகு, "தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட கேக்கல?"

"எங்க கூடத்துல வாசிக்கிறவங்கள நடுவுல நிறுத்த மாட்டோம். உனக்கு முடியுறப்ப படிப்பேன்னு இருந்தேன்."

"அப்ப அந்த மூட்டையில என்ன ரொட்டி?" என்றாள் தாய்மி. அவளுக்கு அவள் கவலை.

"கிழங்கு ரொட்டிடி," என்றாள் லிஸ்பெத். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புத்தகத்தைத் திறந்து, சட்டை கிழிந்த இடத்துக்குத் திரும்பிப் போய், விட்ட பக்கங்களை வாசிக்கத் தொடங்கினாள். நடுவில் அவள் நிறுத்தியபோது யாரும் அவசரப்படுத்தவில்லை. ஓஸ்மெல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பையனின் அம்மா சட்டையைத் தைத்து, ரொட்டியைக் கட்டிக் கொடுத்து, பாலம்வரை வந்து வழியனுப்பினாள். வாசித்து முடிந்ததும் எனெய்தா காய் நறுக்குகிற கத்தியை எடுத்துப் பலகையில் தட்டினாள். மற்ற இருவரும் கரண்டியால் தட்டினார்கள். மேடையில் வாசித்து வாசித்துத் தன் காதை இப்படிப் பழக்கிவிட்ட ஒவ்வொருவருக்கும் அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள். இந்தப் புத்தகத்தைப் போய் எடுத்த பிள்ளைக்கும் சொன்னாள்.

லீவு முடியப்போகும் ஞாயிற்றுக்கிழமை ரெய்னா போன் செய்தாள். எனெய்தா அரிசித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல பெரியம்மா, அடுத்த லீவுக்கு வர்றேன்," என்றாள் லிஸ்பெத். "சனிக்கிழமை இங்க ஓட்டு இருக்கு. நான் இல்லன்னா அப்பா ஒல்லிப் புத்தகத்தையே ஜெயிக்க வச்சிருவாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "கேட்டியா?"

"கேட்டேன்," என்றாள் எனெய்தா, தலையை நிமிர்த்தாமல்.

அன்றைக்குச் சோற்றில் கல் கடிபட்டது.