பித்தளைத் தோட்டா விசில்

இன்று பதுளை வீட்டில் பழைய பெட்டியைக் கிளறிய மகள், ஒரு பித்தளைத் தோட்டாக் கூட்டை உதட்டில் வைத்து ஊதினாள். அந்தச் சத்தம் என்னைப் பூனாகலைத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால், இப்போது இல்லாத தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனது. தொழிற்சாலை ஃபிட்டரான அப்பா ஞாயிறுகளில் அங்கேதான், தோட்டத்துத் துரையின் வேட்டைத் துப்பாக்கியில் வெடித்து வீங்கிய கூடுகளுக்கு எண்ணெய் தடவி, இரும்பு அச்சுக்குள் இறுக்கி, மறுபடி குழலுக்குள் வழுக்கிப் போகும் அளவுக்குக் கொண்டுவருவார். அச்சு கிறீச்சிடும், கரிமருந்தும் தேயிலைத் தூளும் கலந்து மணக்கும். அச்சுக்கும் அடங்காத கூடுகள் எனக்கு விசில்.

ஒருமுறை நானே ஒன்றை எடுத்து ஊதினேன். அதன் அடியில், ஊசி பட்டதும் தீப்பொறி கக்கும் வெடிகேப் புதிதாகப் பொருத்தியிருந்தது. அப்பா என் கையில் ஓங்கி அடித்துப் பிடுங்கினார்.

"கேப்பு போட்டது புள்ள! அடியப் பாக்காம வாயில வைப்பியா?"

அன்று அவர் அதன்பிறகு அச்சைத் தொடவில்லை. கோபம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இன்று நானும் மகளின் கையில் அடித்துக் கூட்டைப் பிடுங்கிவிட்டேன்.

"காலிதானேம்மா, ஏன் அடிக்கிறீங்க?" என்று அழுதாள்.

கூட்டைத் திருப்பினேன். கேப்பின் நடுவில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இருந்தது. எப்போதோ வெடித்து முடிந்தது.

"ஆமா பாப்பா, காலிதான்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் திருப்பிப் பார்த்தேன்.