கடலில் இருந்து பார்க்கவேண்டிய முகப்பு

1989, மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. லீவு போட்டுவிட்டுக் காலை ஏழே காலுக்கு யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ் ஏறினேன். இருபத்தொரு மைல், ஆறு ரூபாய். மடியில் ஒரு சுருட்டிய படம். பருத்தித்துறைக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊரில், இரண்டு வருஷத்துக்கு முன் ஷெல் விழுந்து முகப்பு இடிந்த மாதா கோயிலுக்காக நான் கீறியது. சண்டிலிப்பாயில் சித்திரம் படிப்பிக்கிற எனக்குக் கிடைத்த முதல் கட்டடம் இது. பஸ்ஸில் யாரையும் அதில் முட்ட விடவில்லை.

பழைய முகப்பு கிரேக்கக் கோயில்களைப் பார்த்துக் கட்டியது. மூன்று படி, நான்கு தூண், தூண்களின் தலையில் நீட்டு உத்தரம், உத்தரத்தின்மேல் முக்கோணம். ஆனால் அந்த முக்கோணம் கூம்புத் தொப்பிபோல உயர்ந்து நின்றதைப் பழைய போட்டோவில் பார்த்திருந்தேன். கிரேக்கருடையது தாழச் சரியும். கட்டினவர்களுக்கு விளங்கவில்லை என்று நானே திருத்திவிட்டேன். அந்தப் பெருமை பஸ் முழுக்கக் கூடவே வந்தது.

வல்லைச் சோதனைச் சாவடியில் இந்தியச் சிப்பாய் ஒருவர் படத்தை விரிக்கச் சொன்னார். நெடுநேரம் பார்த்து, "கோவில்?" என்றார். தலையாட்டினேன். அவரே கவனமாகச் சுருட்டித் தந்தார்.

பதினொரு மணிக்குப் பருத்தித்துறையில் இறங்கியதும், கோயில் வேலையைப் பொறுப்பெடுத்திருந்த வள்ளக்காரர் சூசை அண்ணை சைக்கிளில் கூட்டிப்போனார். போகும் வழியில், கோயிலின் இடிந்த சுவரில் ஓர் ஏணி சாத்தியிருந்தது. மேசன்மாருக்காக என்று நினைத்தேன். வீட்டில் அவர் மனைவி பிலோமினாக்கா புட்டும் கணவாய்க் கறியும் தந்தார். அந்தக் கறிக்காகவே இன்னுமொரு கோயில் கீறலாம். பிறகு படத்தை மேசையில் விரித்தேன்.

"தூண் நடுவிலை கொஞ்சம் பருத்திருக்கு, மாஸ்ரர்," என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. நேராக் கட்டினால் தூரத்திலை இடை சிறுத்த மாதிரித் தெரியும். பாக்கிற கண்ணுக்காகக் கிரேக்கர் கொஞ்சம் பருக்க விட்டவை."

"கெட்டிக்காரர்தான்." விரல் முக்கோணத்துக்குப் போனது. "உது நல்லாப் பதிஞ்சு, தாழ்ந்து போச்சு."

"அதுதான் சரியான அளவு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாத்தியாரோடு எதிர்த்துக் கதைப்பது அவர்களுக்கு மரியாதையில்லை.

"படம் வடிவாயிருக்கு," என்றார் அக்கா.

"திங்கக்கிழமை மேசன்மார் வருவினம்," என்றார் அண்ணை. "அதுக்கு முதல், நாளைக்கு விடிய என்னோடை ஒருக்கால் கடலுக்கு வாங்கோவன்."

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். எட்டரைக்குத் திரும்பும்போது கரைக்கு முன்னால் நீளத்துக்கு வெள்ளை நுரை. அதன் கீழே முருகைக்கற் பார், பவளப் பாறை வரிசை. வள்ளம் நுழைய அதில் ஒரே ஒரு வழி, பத்தடி அகலம். அண்ணை எஞ்சினைத் தணித்தார்.

"மாஸ்ரர், வழி எங்கை?"

நுரையும், கரையில் நின்ற ஒரு சிலுவையும், கரை வீடுகளின் ஓட்டுக் கூரைகளும்தான் தெரிந்தன. தெரியவில்லை என்றேன்.

"கரையிலை நிக்கிற குருசும் கோயில் முகப்பின்ரை கூரும் ஒரு நேரிலை வந்தால் வழி. ஓட்டுக்கு மேலாலை கூர் தெரியவேணும். முந்தி ஆக்கள் அதுக்குத்தான் உசத்திக் கட்டினவை. கூர் விழுந்த கிழமை என்ரை தம்பி பாரிலை அடிபட்டுச் செத்துப்போனான்."

"இப்ப எப்பிடிப் போறியள்?" என்று வெட்கத்தோடு கேட்டேன்.

"பொறுங்கோ."

ஓட்டுக் கூரைகளுக்கு மேலே சிவப்புத் துணியொன்று எழுந்தது. இடிந்த சுவரின் உச்சியில் ஒருவர் அதைக் கம்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். குருசு அதன் கீழே நேராக வந்ததும் அண்ணை எஞ்சினை முடுக்கினார். இரண்டு பக்கமும் கல் தெரிந்தது.

"என்ரை மனிசி," என்றார். "இரண்டு வருஷமா நிக்கிறா."

கரையேறியதும் நேரே கோயிலுக்குப் போனேன். அக்காவை இன்னுமொருமுறை ஏறச் சொல்லி, துணியின் நுனியிலிருந்து அடிச்சுவர்வரை நாடா பிடித்தேன். முப்பத்தொரு அடி. என் தாழ்ந்த முக்கோணத்தை அழித்து, அந்த உயரத்துக்கு முகப்பின் கூர் நுனியைக் கீறி, ஒரு அங்குலமும் குறையக்கூடாது என்று எழுதினேன். கண்ணுக்காகத் தூணைப் பருக்க விட்டவர்கள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள்.

மூன்று மணி பஸ்ஸுக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். அக்கா கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

"மாஸ்ரர், உது கட்டி முடிஞ்சால் நான் ஏணி ஏறத் தேவையில்லைத்தானே?"

"தேவையில்லை அக்கா."

"நல்லது. முழங்கால் சரியான நோ."

சூசை அண்ணை திரும்பிப் பார்த்தார். "எப்ப தொட்டு நோகுது? எனக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னால் நீங்கள் கடலுக்குப் போயிருக்க மாட்டியள்," என்றார் பிலோமினாக்கா.