முதுகில் ஒரு பிளாஸ்திரி

டாக்டரே பேய்க் கதை சொல்கிறாரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நடந்தது எனக்கு. அதுவும் பட்டப்பகலில்.

மதியம் 2.35. தச்சு வேலை பார்ப்பவர் ஒருவரை அவருடைய அக்கா தூக்காத குறையாக அழைத்துவந்தார். கடும் காய்ச்சல். கழுத்து விறைத்திருந்தது. மூளைக்காய்ச்சல் என்று எனக்குப் பட்டது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் மூளை வீங்கியிருந்தால் அந்த ஊசியே ஆளை முடித்துவிடும். மூளை கீழே இறங்கி, மூச்சு நின்றுவிடும். வீக்கம் இருந்தால் கண்பாவைகள் சமமாக இருக்காது. அதனால் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் நான் பார்க்கவில்லை. சிஸ்டர் அவரைச் சுவர் பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்திருந்தார். எனக்குத் தெரிந்தது முதுகு மட்டும்தான்.

எலும்பைத் தடவி இடம் தேடினேன். விரலில் ஏதோ தட்டியது. பிளாஸ்திரி.

"ஏற்கெனவே எங்கயாவது ஊசி போட்டாங்களா?"

"இல்ல டாக்டர். வீட்லேர்ந்து நேரா இங்கதான் வர்றோம்," என்றார் அக்கா.

பிளாஸ்திரி ஈரமாக இருந்தது. உரித்தேன். அடியில் ஊசித் துளை. கலங்கிய நீர் ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு...

சொட்... சொட்...

குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

2.44. அவரிடமே கேட்கலாம் என்று எட்டி முகத்தைத் திருப்பினேன். பேச்சில்லை. இமையைத் திறந்தேன். ஒரு கண்ணின் பாவை சிறியது. மற்றது... முழுக்க விரிந்திருந்தது.

கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"ஊசி வேணாம் சிஸ்டர். மருந்த ஏத்துங்க. உடனே ஸ்கேன்."

ஸ்கேனில் மூளை வீக்கம். திரும்ப முதுகைப் பார்த்தேன். பிளாஸ்திரி இல்லை. துளையும் இல்லை.

மூன்று வாரத்தில் தச்சர் எழுந்து நடந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் கேட்டார்.

"எனக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பொண்ணு படுத்திருந்துச்சே, இப்ப எப்படி இருக்கு?"

கட்டில் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. நடுவில் கைகூட நுழையாது.

"எ... எதாவது சொல்லிச்சா?"

"அதுக்கும் நீங்கதான் ஊசி போட்டீங்களாம். அப்புறம் வரவே இல்லையாம்."

போன வருடம் ஒரு பெண்ணுக்கு அதே கட்டிலில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தேன். டியூட்டி முடிந்தது, போய்விட்டேன். மறுநாள் வேறு வார்டு. அவள் என்ன ஆனாள் என்று நான் கேட்கவே இல்லை.

அன்றே பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். நான் கிளம்பிய பதினைந்தாவது நிமிடம் அவள் மூச்சு நின்று இறந்திருக்கிறாள். கீழே சிஸ்டரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

'டாக்டரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.'