வரப்பில் நின்று சொன்ன குறிப்புகள்

மரக்காணத்தில் நான் வேலை பார்க்கும் ஆலோசனை மையம் ஒரே ஒரு அறை. உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்ச். மனசு சரியில்லை என்று வருகிறவர்களோடு முக்கால் மணி நேரம் பேசுவதும், பேசி முடித்ததைக் குறிப்பாக எழுதி வைப்பதும் என் வேலை. பேசுவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. எழுதுவதுதான் உயிரை வாங்கும்.

என் குறை எனக்குத் தெரியும். குறிப்பு எழுதச் சொன்னால் கதை எழுதுவேன். வந்தவர் கட்டியிருந்த புடவையின் கலர், நடுவில் ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்கா, எதையும் விடமாட்டேன். ஒருவருக்கே அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் பஸ் வந்துவிடும், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைப்பேன். இப்படியே போய், ஒரு கோடையில் எண்ணிப் பார்த்தால் எழுதாத குறிப்புகள் முப்பதைத் தாண்டியிருந்தன. அவற்றில் யார் எதற்காக அழுதார் என்பதே எனக்குக் கலந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது.

புதுச்சேரியில் இதே வேலை செய்யும் தோழி ஒருத்தி ஃபோனில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு ஒரு வழியும் சொன்னாள். நாலே கட்டம். அவர் சொன்னது, நான் பார்த்தது, எனக்குப் பட்டது, அடுத்து என்ன. ஒவ்வொன்றிலும் இரண்டு வரிக்கு மேல் கூடாது. "கையால எழுதக்கூட வேணாம்டி. ஃபோன்கிட்ட பேசு, அதுவே டைப் பண்ணிக்கும்" என்றாள்.

நான் குடியிருந்தது உப்பளத்தை ஒட்டிய வாடகை வீடு. விடிந்ததும் வரப்பு மேல் நடந்துகொண்டே முந்தின நாள் குறிப்புகளைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் அங்கே பூமி எங்கே முடிகிறது என்று தெரியாது. பாத்திகளில் நிற்கும் தண்ணீரில் வானம் முழுசாக இறங்கியிருக்கும். வாரிக் குவித்த உப்பு பாதி மேலேயும் பாதி தலைகீழாகவும் நிற்கும். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வரப்பு, அதன்மேல் நான். காற்று துளிகூட இருக்காது. காலடியில் ஒரு மேகம் நகரும், அதைத் தாண்டிப் போவேன். தூக்கத்தில் நடப்பதாகவே சில நாள் தோன்றும். தூரத்தில் உப்பு வாரும் பெண்கள் விரல் உயரத்துக்குத் தெரிவார்கள்.

உரக்கச் சொன்னால் ஃபோன் நன்றாக வாங்கிக்கொண்டது. நானும் உரக்கச் சொன்னேன். "அவர் சொன்னது. பயமாக இருக்கிறது. முற்றுப்புள்ளி. நான் பார்த்தது. கை நடுங்குகிறது. முற்றுப்புள்ளி." ஆறு பேருடைய குறிப்பு ஒரு நடையில் முடிந்தது. முப்பதும் பத்து நாளில் தீர்ந்தது. எத்தனை வருஷம் வீணாக எழுதித் தொலைத்தோம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. யாருடைய பெயரையும் சொல்லமாட்டேன், ஃபைல் நம்பர் மட்டும்தான். அந்த ஜாக்கிரதையில் எனக்கு ரொம்பப் பெருமை.

அப்போது வந்துகொண்டிருந்தவர்களில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண். முப்பது வயது இருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் குடித்தே ஈரல் கெட்டு இறந்து ஏழு மாதம். பிள்ளைகளோடு மாமியார் வீட்டிலேயே இருந்தார். தூக்கம் வரவில்லை என்றுதான் வந்தார். நாலாவது முறை வந்தபோது கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அவர எடுத்துட்டுப் போன அன்னிக்கு நான் நல்லா தூங்கனேன் மேடம். கல்யாணம் ஆகி பத்து வருஷத்துல அன்னிக்குத்தான் முழுசா தூங்கனேன். செத்துட்டாரேன்னு ஒரு சொட்டு கண்ணீர் வரல. அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் தூக்கமே போயிடுச்சு."

பிறகு, "எங்க மாமியாருக்கு இது தெரிஞ்சா அவ்ளோதான். புள்ளைங்கள வச்சிக்கினு என்னை எங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவங்களுக்கு ஒரே புள்ள" என்றார். இந்த அறையை விட்டு எதுவும் வெளியே போகாது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அதே வரப்பில் நின்று, அந்த வாக்கை மறந்து, கணீரென்று சொன்னேன். "கணவர் இறந்து ஏழு மாதம். இரண்டு பெண் குழந்தைகள். உப்பளத் தொழிலாளி. மாமியாருடன் வசிக்கிறார். முற்றுப்புள்ளி. கணவர் இறந்ததில் நிம்மதி அடைந்ததாகச் சொல்கிறார். அன்று இரவு நன்றாகத் தூங்கியிருக்கிறார். முற்றுப்புள்ளி." நாலு பாத்திக்கு அப்பால் ஒரு பெண் உருவம் நிமிர்ந்து, கையை மேலே தூக்கி ஆட்டியது. யாரோ வணக்கம் வைக்கிறார்கள் என்று நானும் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டு மூன்றாவது கட்டத்துக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து வயதான அம்மா ஒருவர் மையத்துக்கு வந்தார். காலில் உப்பு வெடிப்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்கு நிறுத்து நிறுத்துன்னு கையாட்டனேன். நீ இன்னாடான்னா டாட்டா காட்ற."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "காத்து எழும்பற வரைக்கும் உப்பளத்துல நாங்க யாரும் வூட்டு விஷயம் பேசமாட்டோம்மா. தண்ணி மேல பேச்சு வழுக்கிக்கினு வந்துடும். அந்தக் கோடில இருமனா இந்தக் கோடில கேக்கும். நீ பேர் சொல்லலதான். ஆனா ஏழு மாசம், ரெண்டு பொண்ணு, மாமியார்னா அந்த அளத்துல வேற யாரு இருக்கா? எம்மருமவதான்."

என் வேலையில் செய்யக்கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதை நான் தினமும் செய்திருக்கிறேன், நேரம் மிச்சமாகிறது என்ற குஷியில். மற்றவர்களுக்கும் கேட்டதா என்று மட்டும் கேட்க முடிந்தது.

"அவளுங்க மோட்டார்கிட்ட இருந்தாளுங்க. அந்த சத்தத்துல கேட்டிருக்காது. மருமவ அன்னிக்கு வேலைக்கு வரல. நான் மட்டும்தான்." கதவு வரை போய்த் திரும்பினார். "நான் கேட்டேன்னு நீயே அவகிட்ட சொல்லு. நான் போய் சொன்னா ஓடிப்போயிடுவா." முகத்தில் கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பதினைந்து வருஷமாக முகம் பார்த்துப் பிழைக்கிறவள் நான்.

அன்றோடு வரப்பு நடையை விட்டேன். இப்போதும் நாலு கட்டம்தான், பேசித்தான் எழுதுகிறேன். ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனை வாயருகே வைத்து, முணுமுணுத்து. அதுவும் போதுமான அளவு வாங்கிக்கொள்கிறது. அவ்வளவு கத்தியிருக்கவே வேண்டாம். இதை எழுதுவதற்கு அவர்கள் இருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன், சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தார். வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. நான் வெளியில் நின்று பேசினேன், உங்கள் மாமியார் காதில் விழுந்துவிட்டது, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"எது விழுந்துச்சு? தூங்கனதா?"

ஆமாம் என்றேன்.

"உங்கள நம்பித்தானே மேடம் சொன்னேன். எங்க அம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல." குரல் உயரவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "ரெண்டு நாளா சோறு போட்டுட்டு பேசாம போறாங்க. புள்ளைங்க துணிய எல்லாம் மடிச்சி தனியா வச்சாங்க. இப்பதான் புரியுது." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பது?

கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வேப்பமரத்தடி பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அடுத்த பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. மரத்தடியில் வேறு யாரும் இல்லை. மத்தியான வெயிலில் அந்த நிழல் மட்டும் தண்ணீர் தேங்கிய மாதிரி கறுப்பாகக் கிடந்தது.

"ஸ்கூல் தொறக்கப் போறாங்க, யூனிபார்ம் சின்னதாயிடுச்சான்னு எடுத்துப் பாத்தேன். அந்தத் துணியையே ஏன் ரெண்டு நாளா வெறிச்சிப் பாக்கற?" என்றார்.

மருமகள் பிடித்த கதவை விடவில்லை.

"எம்புள்ளய எடுத்த மறுநாள் காலைல துக்கம் கேக்க வந்தவங்கள வாசல்லயே நிறுத்தி, மருமவ மயக்கமா கிடக்கறா, எழுப்பாதீங்கன்னு சொன்னேனே. எதுக்குன்னு நெனச்ச? நீ வாயத் தொறந்துக்கினு தூங்கற. பத்து வருஷமா ஒரே வூட்ல இருக்கோம், நீ அப்படித் தூங்கி நான் பாத்ததேயில்ல. நானும் உன் பக்கத்துல ஒரு பாயைப் போட்டுப் படுத்தேன். எனக்கும் தூக்கம் வந்துச்சிடி. நல்லா வந்துச்சு." முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி எடுத்தார். "நீயாவது இங்க வந்து சொல்லிட்ட. பெத்தவ நான். நான் யாருகிட்ட போய் சொல்றது?"

மருமகள் கதவை விட்டுவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள். செத்தவனுக்காக அவர்கள் அழுதது அன்றைக்குத்தான்.