வியன்னாவில் கேட்ட ரிவர்ஸ் பாட்டு

வியன்னாவில் இருக்கிற மகள், இசைமேதை ஒருவர் குடியிருந்த வீட்டைக் காட்ட எங்களைக் கூட்டிப்போனாள். "அப்பா, உள்ள சத்தமா பேசாதீங்க" என்று வாசலிலேயே எச்சரிக்கை. திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவே குடும்பம் நடத்துகிறவனுக்கு அமைதியைப் பற்றிப் பாடம்!

உள்ளே ஒரு பழைய பியானோ, அதைச் சுற்றிக் கயிறு. அந்த மேதைக்குக் கடைசிக் காலத்தில் காதே கேட்கவில்லை என்று மகள் கிசுகிசுத்தாள். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார்கள். நானும் மாட்டினேன்.

முதல் நாலு ஸ்வரம் விழுந்ததும் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிட்டேன். எங்கள் ஊரில் வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்குமே, அதே பாட்டு! வருஷக்கணக்காக அதற்கு ஒதுங்கியே பழகிய உடம்பு. காவலுக்கு நின்ற பெண்மணி, நான் இசையில் நிலைகுலைந்துவிட்டதாக நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். மகளின் முகம் செத்துப்போனது. நான் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஊர் திரும்பியபோது நான் ரசிகன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த வீட்டைப் பற்றித்தான் பேச்சு. போன வாரம் தேரடித் தெருவில் என் முதுகுக்குப் பின்னால் அதே பாட்டு கேட்டது. இந்தத் தடவை ஒதுங்கவில்லை. நடுத்தெருவில் நின்று, கண்ணை மூடி ரசித்தேன்.

வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்: "யோவ் பெருசு, காது கேக்கலையா?"