நான்கு இறந்தகால வாக்கியங்கள்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது கேண்டீனில் காதில் விழுந்த ஒரு கேள்விதான். "ஈட் ஆல்ரெடி?" என்று கேட்பார்கள். "ஈட் ஆல்ரெடி" என்று பதில் வரும். சாப்பிட்டாயிற்று என்று பொருள். வேலை முடிந்தால் "ஃபினிஷ் ஆல்ரெடி". ஆள் ஊருக்குப் போய்விட்டால் "கோ ஹோம் ஆல்ரெடி". நடந்து முடிந்த எதையும் இந்த ஊரில் ஒரு ஆல்ரெடியை ஒட்டிச் சொல்லிவிடலாம். திருவொற்றியூர் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதோடு நின்றவனுக்கு இதைவிட வசதியான இங்கிலீஷ் எங்கே கிடைக்கும்? வாயில் புழங்குவது வேறு, காகிதத்தில் கேட்பது வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் ஒரு சீனப் பெண் இலவசமாகப் பாடம் நடத்தினார். என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நேற்று என்ன செய்தாய் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். "ஐ கோ வொர்க், மிஸ்" என்பேன். "வென்ட்" என்று திருத்துவார். மறு வாரமும் அதே கோ, அதே வென்ட். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேசிங்கு என் காதருகே குனிந்து, "அந்த கோ பேர மாத்திகினு தலமறைவா திரியுது மாமு" என்பான். இரண்டு பேரும் சிரிப்போம். மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியாது, அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தேசிங்கும் நானும் ஒரே தெரு. இங்கே வருவதற்கு முன்பு எண்ணூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் டேங்க் வெல்டிங் செய்துகொண்டிருந்தோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மற்றவன் அவன் பெயரில் டேங்குக்குள் இறங்கிவிடுவான். மேஸ்திரிக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும், எந்தத் தலை என்று பார்க்கமாட்டார். தோஸ்து என்றால் அதுதான் என்று நினைத்தோம். அந்த வழக்கத்தையும் பெட்டியோடு சேர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டோம்.

இங்கே எங்களுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை. ஒரு நாள் கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்க வேண்டிய அனுமதிச் சீட்டு என் பெயரில் இருந்தது. காலையிலிருந்து எனக்குக் காய்ச்சல். "தல சுத்துது மாமு, நீ எறங்கேன்" என்றேன். "நீ குந்து, நான் பாத்துக்கிறேன்" என்று என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு போனான். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளே சாரத்தின் பலகை சரிந்தது. விழுந்ததில் அவனுடைய இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. மேலே தூக்கி வரும்போது வலியோடு வலியாக, "காச்ச இப்ப எப்டி கீது?" என்று என்னைக் கேட்டான்.

எங்கள் சூப்பர்வைசர் மலேசியத் தமிழர். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். நான்கு இங்கிலீஷ் வாக்கியங்கள், தமிழ் எழுத்தில். "விசாரணையில இத மட்டும் சொல்லு. வேற வாய் தொறந்தா நீயும் அவனோட ஃப்ளைட் ஏறணும், புரியுதா?" என்றார். ஐ வாஸ் சிக். ஐ சாட் அவுட்சைட். ஹி வென்ட் இன். ஐ டிட் நாட் செண்ட் ஹிம். எனக்கு உடம்பு சரியில்லை, நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், அவன் உள்ளே போனான், நான் அவனை அனுப்பவில்லை. முதல் மூன்றும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வழக்கமான கேள்வி வந்தபோது என் வாயிலிருந்து இவைதான் வந்தன. மிஸ் வீட்டுப்பாடம் என்று நினைத்துக்கொண்டு பலகையில் எழுதி, நான்குக்கும் டிக் போட்டு, எல்லாரையும் கைதட்ட வைத்தார். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

விசாரணையில் பிழையில்லாமல் சொன்னேன். எண்ணூர் ஷெட்டை மூடிவிட்டார்கள், திரும்பிப் போனால் வேலை இல்லை என்று காரணம் சொல்லலாம். பயந்தேன், அவ்வளவுதான். "குட் இங்கிலீஷ்" என்றார் அதிகாரி. கால் ஆறுவதற்கு முன்பே தேசிங்கை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

போன லீவில் ஊருக்குப் போனபோது கோலை ஊன்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கே வந்திருந்தான். மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். காலில் இன்னொரு ஆபரேஷன் பாக்கி, செய்யாவிட்டால் நடை இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னாராம். பிளாஸ்டிக் கவரிலிருந்து கம்பெனியின் இங்கிலீஷ் கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"இன்னா எழுதிக்கீறாங்கோ பாரு மாமு."

அனுமதியில்லாமல் தானாக இறங்கியதால் மேற்கொண்டு சிகிச்சைக்குக் கம்பெனி பொறுப்பல்ல. ஆட்சேபம் இருந்தால் ஓராண்டுக்குள் எழுதலாம். சாட்சி ஏழுமலை, அதாவது நான். கீழே என் நான்கு வாக்கியங்கள்.

"நமக்கு எங்க மாமு இங்கிலீஷு வருது" என்றேன்.

"ஆறு வருசமா அங்க இன்னாதான் பண்ணிகினு இருந்த?" என்று சிரித்தான்.

அவன் மனைவி செல்விதான் எனக்காகப் பேசினாள். "உடுய்யா. அண்ணன் நேத்துதான் வந்துகீது. அதப் போயி பேஜார் பண்றியே."

எம்.கே.பி. நகரில் படித்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டலாம் என்றான் தேசிங்கு. அவர் படித்தால் சாட்சியின் பெயரும் வெளியே வந்துவிடும். சிங்கப்பூரில் தோஸ்து ஒருவனிடம் படிக்கக் கொடுத்துச் சொல்கிறேன் என்று கடிதத்தை வாங்கி வந்துவிட்டேன். நம்பிக் கொடுத்தான். எட்டு மாதமாக அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, "படிச்சாங்களா மாமு?" என்கிறான். இன்னும் இல்லை என்கிறேன். இங்கே நான் இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறவன், திருவொற்றியூரில் எனக்கு இங்கிலீஷே தெரியாது. இரண்டு ஊரிலும் நான் பொய்யன்.

வாசிக்கிறவர்களே, இனி எழுதுவது அவனுக்கு. தேசிங்கு, நீ தமிழ் நன்றாகப் படிப்பாய். கடிதத்தில் இருப்பதை மேலே எழுதிவிட்டேன். நாலாவது வாக்கியம் பொய். உன்னை நான்தான் இறங்கச் சொன்னேன். இதன் நகலையும் அந்தக் கடிதத்தையும் இன்றே உனக்குத் தபாலில் போடுகிறேன். காலையில் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டேன். பெட்டியைக் கட்டிக்கொள் என்றார். கட்டிவிட்டேன். பெட்டியின் மேல் அட்டையில் ஊர் முகவரி எழுதப் பேனாவை எடுத்தேன், உன் கவரில் எழுதிய அதே தெருப் பெயரை என் பெயருக்குக் கீழே எழுதக் கை வரவில்லை. அது கிடக்கட்டும். ஓராண்டு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எம்.கே.பி. நகர்க்காரரைப் பார்த்து, என் பெயரைப் போட்டே பதில் எழுதச் சொல்.