மாப்பிள்ளை வண்டிக்கு ஊற்றிய ஆயில்

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் அப்பாவும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்ட பேச்சையெல்லாம் சேர்த்தாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குக் காணாது. "வாங்க மாப்ள." "வர்றேன் மாமா." "சாப்பிட்டீகளா மாப்ள?" "சாப்ட்டேன் மாமா." அவ்வளவுதான். அதற்கப்புறம் அப்பா மின்விசிறியைப் பார்ப்பார், இவர் வாசலைப் பார்ப்பார். சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையாக இருந்தால் நடுவில் புகுந்து நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்துவிடுவேன். மரியாதையை என்ன செய்வது?

கோம்பையில் அப்பா திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். தெருப் பையன்களை "ஏலே" என்று அதட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போகிற ஆள். என் வீட்டுக்காரர் கடமலைக்குண்டுக்காரர். குமுளியில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. நாங்கள் குடியிருக்கிற கம்பத்திலிருந்து தினமும் பைக்கில் மலை ஏறி இறங்குகிறார். என்னிடம் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், எங்கள் அப்பா வீட்டுக்குள் கால் வைத்ததும் ஊமையாகிவிடுவார். அங்கே மாப்பிள்ளையை ஒரு வேலை தொடவிட மாட்டார்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் வரும், பாவமாகவும் இருக்கும். இந்த இரண்டு பேரும் ஒரு நாளாவது மனசுவிட்டுப் பேச மாட்டார்களா என்று நான் ஏங்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது இவர் என்னிடம், "வண்டிக்கு ஆயில் மாத்தணும். டப்பா வாங்கிப் பையில வச்சிருக்கேன், போற வழியில ஒர்க்‌ஷாப்புல விடுவோம்" என்று மெதுவாகச் சொன்னார். அது அப்பா காதில் விழுந்துவிட்டது. கறிச்சோறு தின்ற மயக்கத்தில் இவர் தூங்கப் போனார். நானும் அம்மாவும் பாத்திரம் கழுவி முடித்து வெளியே வந்தால், முற்றத்தில் அப்பா கையெல்லாம் கரியாக நிற்கிறார். பழைய ஆயில் ஒரு பேசினில் கிடக்கிறது.

"மாப்ள எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சுட்டேன்த்தா" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஆனா டப்பாவுல இருந்தது பத்தல. அளவுக் கம்பிய விட்டுப் பாத்தா கோட்டத் தொடவே இல்ல. நம்ம வண்டிக்கு வாங்குனதுல இருந்து கொஞ்சம் ஊத்தி நெரப்பிட்டேன். மாப்ள வண்டிக்குக் கொறச்சலா ஊத்தலாமா?"

வண்டி சைடு ஸ்டாண்டில் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அப்படியே வைத்துத்தான் அளவு பார்த்திருக்கிறார்.

அந்த வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. எங்கள் வீட்டில் நடு ஸ்டாண்டு நான்தான். இவர் ஆயில் பார்க்கிற போதெல்லாம் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அளவு பார்க்கிற கம்பி எஞ்சினின் வலப்பக்கம் இருக்கிறது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஆயிலும் அந்தப் பக்கமே ஒதுங்கிவிடும். நிறைய இருந்தாலும் கம்பி காய்ந்துதான் வரும். அப்பாவின் பழைய வண்டி நடு ஸ்டாண்டில் கம்பீரமாக நிற்கிற வண்டி. யாரையும் பிடிக்கச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

இவர் எழுந்து வந்தார். பேசினைப் பார்த்தார், சாய்ந்து நின்ற வண்டியைப் பார்த்தார், காலி டப்பாவையும் பக்கத்தில் இருந்த இன்னொரு டப்பாவையும் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. "எதுக்கு மாமா ஒங்களுக்குச் சிரமம்" என்று மட்டும் சொன்னார்.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். "கூடிப்போச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்றது? பெரியவுக, வெயில்ல உக்காந்து செஞ்சிருக்காக. மெதுவா ஓட்டிட்டுப் போய்க் கம்பத்துல கூடுனத எறக்கிக்கிறேன்."

எஞ்சின் போனாலும் போகட்டும், மாமனார் முகம் வாடக்கூடாது. என்ன நியாயமோ. நானே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நமநமவென்றுதான் இருந்தது. ஆனால் நான் சொன்னால் அது மகள் பேச்சு. இவர்கள் இரண்டு பேரும் மறுபடி மின்விசிறியும் வாசலும் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு லேசான காரியம் இல்லை.

சாயங்காலம் கிளம்பினோம். இவர் வண்டியைக் கிளப்பினார். சத்தம் கனத்துப்போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் சைலன்சரில் வெள்ளையாகப் புகையும் எட்டிப்பார்த்தது.

"என்ன மாப்ள, ஒரு மாதிரி இரையுது?" என்றார் அப்பா.

இவர் வண்டியை அணைத்தார். என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தேன்.

"ஆயில் கூடிப்போச்சு மாமா" என்றார் ஒரே மூச்சில். "சாஞ்சு நிக்கையில பாத்தா கம்பியில கொறச்சலாத்தான் காட்டும். நேரா நிறுத்திப் பாக்கணும்."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் வண்டிக்கு இத்தன வருசமா நான்தான மாத்துறேன்."

"ஒங்க வண்டிக்கு நடு ஸ்டாண்டு இருக்கு மாமா. இதுக்கு இல்ல."

அப்பா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவையும் பார்த்தார். "நடு ஸ்டாண்டு இல்லாம ஒரு வண்டியா? அதையும் காசு குடுத்து வாங்கியிருக்கீகளே மாப்ள" என்றார். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

"மாட்டுக்கு மருந்து ஊத்துற பெரிய சிரிஞ்சு இருக்கா மாமா? கூடுனத மட்டும் உறிஞ்சி எடுத்துறலாம்."

அப்பா சிரிஞ்சோடு தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயிலும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். ஆயில் கீழே இறங்கட்டும் என்று சற்று நேரம் பொறுத்திருந்தார்கள். இவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து உறிஞ்சி உறிஞ்சி டப்பாவில் விட்டார். நடுநடுவே கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தார்.

"கம்பி மூடியோட மறைய முறுக்காதீக மாமா. சும்மா வச்சு எடுங்க, அதான் இந்த வண்டிக்குக் கணக்கு."

"தெரியும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் முறுக்குறீக?"

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அம்மாவிடம் என்னவோ சொல்லத் திரும்பினார். வண்டி லேசாகச் சரிந்தது.

"ஏலே, சாய்க்காதலே. நேராப் புடி" என்று ஒரு அதட்டு அதட்டினார் அப்பா.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா கம்பியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையை ஏலே என்று கூப்பிட்ட மாமனார் எங்கள் சனத்தில் உண்டா என்று எனக்குத் தெரியாது.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீக. வாய் தவறி வந்துருச்சு" என்றார்.

இவர் வண்டியை நேராக நிமிர்த்தினார். "அப்படியே கூப்பிடுங்க மாமா" என்றார். "எங்கப்பா போனதுக்கப்புறம் என்னைய அப்படிக் கூப்பிட ஆள் இல்ல."

அப்பா கம்பியைத் துடைத்து விட்டுப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் சரியாக நின்றது. மறுபடி துடைத்தார், மறுபடி விட்டுப் பார்த்தார். இவரும் வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.